இருதய நோயும் இந்தியரும்: டாக்டர் சலீம் யூசுஃபின் ஆராய்ச்சி நமக்குச் சொல்வது

(அறநிலைய ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருப்பணி, அன்னதானம், கல்வி நிதி என்று நற்காரியங்களைப் பற்றிப் பேசும் இம்மேடையில் இருதய நோயைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் சமயச் சொற்பொழிவாளன் அல்லன். இருதயப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்த ஒரு மருத்துவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இருதய மருத்துவர் ஒருவரின் நாற்பதாண்டு கால ஆராய்ச்சியையும், அது மருத்துவ உலகை எவ்வாறு மாற்றியது என்பதையும், அதனால் நம் ஆலயங்களும் குடும்பங்களும் பெறக்கூடிய பயனையும் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

"நேற்றுக்கூட நன்றாகத்தானே பேசிக் கொண்டிருந்தார்!" என்ற சொல்லை நாம் எத்தனை துக்க வீடுகளில் கேட்டிருக்கிறோம்! ஐம்பது வயதைக்கூட எட்டாத குடும்பத் தலைவர். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். வீட்டுக் கடன் பாதியில் நிற்கிறது. "எல்லாம் தலையெழுத்து" என்று பெரியவர்கள் ஆறுதல் கூறுகிறார்கள். ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் ஒரு சமூகத்தில் இது மீண்டும் மீண்டும் நிகழும்போது, காரணம் தேட வேண்டிய கடமையும் நமக்கு உண்டு.

அந்தக் காரணத்தைத் தேடும் முயற்சி இம்மண்ணிலேயே தொடங்கியது என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில் அங்கு மருத்துவத் துறையில் பணியாற்றியவர் டாக்டர் டி. ஜே. தனராஜ் அவர்கள். பின்னாளில் கோலாலம்பூரில் மருத்துவப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் முதல் டீனாக விளங்கிய பெருமகன் இவரே. 1950 முதல் 1954 வரை சிங்கப்பூரில் நடந்த 9,568 பிரேத பரிசோதனைகளின் பதிவேடுகளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 1959-ஆம் ஆண்டு அமெரிக்க இருதய மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்தது. இருதய இரத்தக் குழாய் அடைப்பு, சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது என்பதே அம்முடிவு. புலம்பெயர்ந்த இந்தியரின் இருதயத்தைப் பற்றி உலகுக்கு விடப்பட்ட முதல் எச்சரிக்கைகளுள் அதுவும் ஒன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2003-இல் வெளியான சிங்கப்பூர் ஆய்விலும் சீனர்களைவிட இந்தியர்களுக்கு மாரடைப்பு மும்மடங்குக்கு மேல் என்றே தெரிந்தது.

ஏன் இப்படி? சிலர் இரத்தம் என்றார்கள், சிலர் பரம்பரை என்றார்கள், சிலர் நெய்யும் தேங்காய்ப்பாலும் என்றார்கள். உறுதியாகப் பதில் சொல்வதற்குப் பல நாடுகளையும் பல இனங்களையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பெரிய ஆய்வு தேவைப்பட்டது. அதை நடத்திக் காட்டியவர்தான் டாக்டர் சலீம் யூசுஃப்.

இவர் 1952-இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அங்கே இருதய மருத்துவர் பீட்டர் ஸ்லைட், புள்ளியியல் அறிஞர் ரிச்சர்ட் பீட்டோ ஆகியோருடன் பணியாற்றினார். பிறகு அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, 1992-இல் கனடாவின் ஹாமில்டன் நகரிலுள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அவர் நிறுவிய மக்கள் நல ஆராய்ச்சிக் கழகம் இன்று உலகப் புகழ் பெற்றது.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கற்றதும் கற்பித்ததும் ஒரு முக்கியமான கருத்து. ஒரு மருந்து நூறு நோயாளிகளில் இரண்டு பேரைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்று வைத்துக் கொள்வோம். இருநூறு பேரைக் கொண்டு ஆராய்ந்தால் அந்த நன்மை கண்ணுக்குத் தெரியாது. தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள். பதினாயிரம் பேரைக் கொண்டு ஆராய்ந்தால் ஐயமின்றித் தெரியும். பதினாயிரம் பேரைச் சேர்க்க வேண்டுமானால், வேலைப் பளு மிகுந்த சாதாரண மருத்துவமனைகளும் பங்கு கொள்ளும்படி ஆய்வு முறை எளிமையாக இருக்க வேண்டும். "பெரிய, எளிய ஆய்வுகள் நமக்கு ஏன் தேவை?" என்ற கேள்வியை எழுப்பி 1984-இல் யூசுஃப், காலின்ஸ், பீட்டோ மூவரும் எழுதிய கட்டுரை மருத்துவ ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. சிறு ஆய்வுகள் பலவற்றின் முடிவுகளை முறையாகத் தொகுத்து ஒரே விடை காண்பதற்கு அவர்கள் கையாண்ட கணக்கு முறையும் பிற துறை மருத்துவர்களால் பின்பற்றப்பட்டது.

அந்த எண்ணத்தின் பெருவெற்றி, அவர் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவராக இருந்த ஐசிஸ் ஆய்வு வரிசையின் இரண்டாவது ஆய்வு. 1988-இல் வெளியான அதில், மாரடைப்பு என்ற ஐயத்துடன் 417 மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 17,187 பேர் கலந்து கொண்டார்கள். ஆஸ்பிரினும் இல்லை, இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தும் இல்லை என்றிருந்தவர்களில், ஐந்து வாரத்திற்குள் நூற்றுக்கு 13 பேர் இருதய, இரத்தக் குழாய்க் காரணங்களால் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 8 பேர். ஆஸ்பிரின் மட்டுமே அம்மரணங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கைத் தடுத்தது. சில காசு விலையுள்ள மாத்திரை! இன்று மாரடைப்பு என்று ஒருவரைக் கொண்டு வந்தவுடன் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்கிறோமே, அதற்கு ஆதாரம் இந்த ஆய்வே. ஆனால் ஒரு வேண்டுகோள். நோயற்றவர்கள் தாமாகவே நாள்தோறும் ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது. இரத்தக் கசிவு உண்டாகலாம். மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

இந்த ஆய்வில் சுவையான ஒரு செய்தியும் உண்டு. ஆண் பெண், வயது என்று நோயாளிகளைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, இவருக்குப் பலிக்கும், அவருக்குப் பலிக்காது என்று அவசரமாக முடிவு கட்டுவது தவறு என்று காட்ட விரும்பிய ஆய்வாளர்கள், பிறந்த தேதியை வைத்து ராசிவாரியாகவும் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். மிதுன ராசிக்கும் துலா ராசிக்கும் ஆஸ்பிரின் பயன்படவில்லை என்று கணக்கு காட்டியது! மற்ற பத்து ராசிக்காரர்களுக்கு மிக நன்றாகப் பயன்பட்டதாம். ஜாதகத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மிதுன ராசிக்காரர்கள் யாரும் பயப்படவும் வேண்டாம். கூட்டத்தைக் கூறு போட்டுக் கொண்டே போனால் எங்காவது ஒரு பொய்யான வேறுபாடு தலை காட்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக யாரும் புகட்டியதில்லை. மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் இந்த உதாரணத்தைச் சொல்கிறோம்.

அடுத்து வந்தவை பல. 1991-இல் சால்வ்டு என்ற ஆய்வு, இருதயம் பலவீனமானவர்களுக்கு எனலாப்ரில் மருந்து ஆயுளை நீட்டிக்கும் என்று காட்டியது. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,297 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஏற்கெனவே இரத்தக் குழாய் நோயோ, இனிப்பு நீருடன் வேறோர் ஆபத்துக் காரணமோ உள்ளவர்களுக்கு ராமிப்ரில் மருந்து கொடுத்தபோது மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை கூட்டாக ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அதே ஆய்வில் வைட்டமின் ஈ மாத்திரையும் சோதிக்கப்பட்டது. அதனால் இருதயத்துக்கு எந்த நன்மையும் கிடைக்கவில்லை. விலையுயர்ந்த வைட்டமின் புட்டிகளை வாங்கி வைத்துக் கொண்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் கேள்விக்கு விடை தந்த ஆய்வுக்கு வருகிறேன். இன்டர்ஹார்ட் என்பது அதன் பெயர். 52 நாடுகளில், முதன்முறை மாரடைப்பு வந்த 15,152 பேரையும், அவர்களுக்கு இணையான வயதுடைய, இருதய நோயற்ற 14,820 பேரையும் ஒரே விதமாகக் கேள்வி கேட்டு, அளந்து, இரத்தம் எடுத்து ஒப்பிட்டார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தது. இரத்தத்தில் கெட்ட கொழுப்பு, புகை, இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் போதாமை, உடலுழைப்பின்மை, மதுப் பழக்கம் தொடர்பான நிலை என்ற ஒன்பது காரணங்களும் சேர்ந்து மாரடைப்பு அபாயத்தில் ஆண்களுக்கு 90 விழுக்காட்டையும் பெண்களுக்கு 94 விழுக்காட்டையும் விளக்கிவிடுகின்றன என்பதே அது. புகைப்பவருக்கு அபாயம் ஏறக்குறைய மும்மடங்கு. ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இவையே காரணங்கள்.

பெரியோர்களே, இந்த முடிவின் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பரம்பரைக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலையெழுத்து என்று நாம் சொல்லி வந்ததில் மிகப் பெரும் பகுதி, அளந்து பார்க்கக் கூடியது. அளந்து பார்த்தால் மாற்றவும் கூடியது.

அப்படியானால் நமக்கு ஏன் இளவயதில் வருகிறது? 2007-இல் அதே ஆய்வின் தெற்காசியப் பகுதி தனியாக வெளியிடப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேப்பாளம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளில் முதல் மாரடைப்பு வந்தவர்களின் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. ஆறு ஆண்டு வித்தியாசம். இதற்குக் காரணம் விளங்காத மர்மம் ஏதுமன்று. அதே காரணங்கள் நம்மவரிடம் இளவயதிலேயே குடியேறிவிடுகின்றன என்று அந்த ஆய்வு காட்டியது. மதுவைப் பற்றியும் ஒரு சொல். அளவாகக் குடிப்பவர்களுக்குச் சிறிது நன்மை இருப்பதாக இன்டர்ஹார்ட் மொத்தக் கணக்கு காட்டியதைப் பிடித்துக் கொண்டு என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. தெற்காசியரின் கணக்கில் அந்த நன்மை தென்படவில்லை என்று அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

இன்னொரு பாடமும் உண்டு. உடல் எடையைவிட, இடுப்புக்கும் வயிற்றுக்கும் உள்ள அளவு விகிதமே மாரடைப்பை நன்றாக முன்னறிவிக்கிறது என்று 2005-இல் இவ்வாய்வாளர்கள் எழுதினார்கள். "நான் ஒல்லிதானே டாக்டர்" என்று சொல்லும் பலருக்குக் கைகால் மெலிந்திருக்கும், வயிறு மட்டும் முன்னே வந்திருக்கும். தையற்காரரின் அளவு நாடா போதும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எச்சரிக்கைக் கோடு.

டாக்டர் யூசுஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. உலகில் மற்ற அறிஞர்களால் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட ஆராய்ச்சியாளர்களின் வரிசையில் அவர் முன்னணியில் இடம் பெற்றவர். 2014-இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருதும், அந்நாட்டு மருத்துவப் புகழ் மண்டபத்தில் இடமும் கிடைத்தன. 2015, 2016 ஆண்டுகளில் உலக இருதயச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தார். அவர் கூறிய எல்லாவற்றையும் எல்லாரும் ஏற்றுக் கொண்டார்கள் என்று கூற முடியாது. நம் மலேசியாவும் பங்கு பெற்ற பியூர் என்ற பெரும் ஆய்விலிருந்து, உப்பை மிகவும் குறைப்பதால் எல்லாருக்கும் நன்மையா என்ற ஐயத்தை 2014-இல் அவர் குழு எழுப்பியது. உப்பை அளந்த முறையே சரியில்லை என்று பல அறிஞர்கள் மறுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்ற தன் பரிந்துரையில் நிலைத்து நிற்கிறது. நம் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அந்தப் பரிந்துரையே பாதுகாப்பு என்பது என் கருத்து. கேள்வி கேட்பதும் மறுப்பதும் அறிவு வளரும் வழி. அதனால் அவர் புகழ் குறைந்துவிடவில்லை.

ஆனால் அதே பியூர் ஆய்வு 2011-இல் வெளிப்படுத்திய மற்றோர் உண்மையை யாரும் மறுக்கவில்லை. ஏழை நாடுகளில், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் நிரூபிக்கப்பட்ட மருந்துகளில் ஒன்றைக்கூட உட்கொள்ளவில்லை. மருந்து கண்டுபிடித்தாயிற்று, விலையும் குறைந்தாயிற்று, நோயாளியின் வாய்க்குத்தான் போய்ச் சேரவில்லை. இதற்கு வழியாக, பல மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்க்கும் யோசனையை அவர் வலியுறுத்தி வந்தார். இந்தியாவில் 2,053 பேரிடம் அதைச் சோதித்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. 2021-இல் அச்சேறிய பெரிய ஆய்வில், ஆபத்து மிகுந்தவர்களுக்கு அந்தக் கூட்டு மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்த்துக் கொடுத்தபோது இருதய நோய் நிகழ்வுகள் 31 விழுக்காடு குறைந்தன. 2023-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மாத்திரைகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

இப்போது இந்த அறநிலையத்துக்கு மிக நெருங்கிய செய்திக்கு வருகிறேன். ஹோப்-4 என்ற ஆய்வு, மலேசியாவிலும் கொலம்பியாவிலும் 30 ஊர்களில் நடந்தது. 2019-இல் முடிவு வெளிவந்தது. இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாத 1,371 பேர் கலந்து கொண்டார்கள். பாதி ஊர்களில் வழக்கமான சிகிச்சை. மற்ற ஊர்களில், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று இரத்தக் கொதிப்பைப் பார்த்தார்கள். மருத்துவர்களின் மேற்பார்வையில் மருந்துகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் உறவினரோ நண்பரோ துணைவராக நியமிக்கப்பட்டார். "மாத்திரை சாப்பிட்டீர்களா? கிளினிக்குக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டதே, நானும் வருகிறேன்" என்று நினைவூட்டுவதே அவர் வேலை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சையில் 30 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பட்ட இரத்தக் கொதிப்பு, இந்த முறையில் 69 விழுக்காட்டினருக்குக் கட்டுப்பட்டது.

புதிய மருந்து ஏதும் இல்லை. அறுவை சிகிச்சை இல்லை. அக்கறையுள்ள ஒரு பணியாளர், இலவச மருந்து, கூடவே ஒரு துணை. நன்கொடையாளப் பெருமக்களே, இவை மூன்றில் எது நம்மால் முடியாதது?

ஆகவே சில விண்ணப்பங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழாக் காலங்களிலும் ஆலய மண்டபத்தின் ஒரு மூலையில் இரத்தக் கொதிப்பும் இனிப்பு நீரும் பார்க்க ஒரு மேசை போடுங்கள். கருவியின் விலை ஒரு பூமாலைச் செலவுக்கு மிஞ்சாது. தாதியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரிகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். அளவு அதிகமாக இருப்பவர்களின் பெயரைக் குறித்துக் கொண்டு, அவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார்களா என்று அடுத்த வாரம் விசாரிக்க வேண்டும். அளந்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால் பயனில்லை.

இரண்டாவது, துணைவர் திட்டம். நம் இளைஞர் பிரிவில் இருப்பவர்கள், தனியே வாழும் முதியவர்களுக்கும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்களுக்கும் மாத்திரைத் துணைவர்களாக இருக்கலாம். மூன்றாவது, அன்னதானம். பிரசாதத்தில் கை வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இலையில் சோறு குறைந்து, காய்கறியும் பருப்பும் ஒரு பங்கு கூடட்டும். அப்பளமும் பொரியலும் எண்ணெயில் மிதக்க வேண்டியதில்லை. பாயசம் சிறு கிண்ணத்தில் வரட்டும். பசியாறலுக்கு நாள்தோறும் ரொட்டி சானாயும் இனிப்பு மிகுந்த தே தாரிக்கும் சாப்பிடும் பழக்கத்தையும் குடும்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். காலையில் கோயிலைச் சுற்றி வரும் தாய்மார்கள் ஒரு சுற்றுக்குப் பதிலாகப் பல சுற்று வரட்டும். புண்ணியத்தோடு இருதயத்துக்கும் நலம்.

கல்வி நிதியால் ஒரு பிள்ளையை நாம் படிக்க வைக்கிறோம். அந்தப் பிள்ளையின் தந்தைக்கு நாற்பத்தைந்து வயதில் இரத்தக் கொதிப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், அந்தக் குடும்பம் நம் நிதிக்கு மனுப் போட வேண்டிய நிலையே வராமல் போகலாம். இதுவும் அறமே.

டாக்டர் தனராஜ் அவர்கள் இறந்தவர்களின் பதிவேடுகளிலிருந்து நமக்கு எச்சரிக்கை விடுத்தார். டாக்டர் யூசுஃப் உயிரோடிருப்பவர்களிடமிருந்து காரணத்தையும் வழியையும் கண்டெடுத்துக் கொடுத்தார். மருத்துவ உலகம் தன் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டது. மீதிப் பங்கு வீட்டிலும் ஆலயத்திலும் இருக்கிறது. அடுத்த ஆண்டு மலரில் வரவு செலவுக் கணக்கின் பக்கத்தில், எத்தனை பேருக்கு இரத்தக் கொதிப்பு பார்த்தோம், எத்தனை பேருக்குக் கட்டுப்பட்டது என்ற கணக்கும் ஒரு வரி இடம் பெறட்டும் என்று கேட்டுக் கொள்கிறேன்.